சுவருக்கு வாடகை யார் கொடுத்தது? நியூயார்க் போட்டோ கேலரிகளின் கதை

போன எபிசோடில் பழைய ஸ்டூடியோ போட்டோக்களைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் மெயில் போட்டிருந்தீங்க. அதில் மூணு பேர், கிட்டத்தட்ட ஒரே கேள்வி. நியூயார்க் வந்தா போட்டோ கேலரிக்கெல்லாம் போகலாமா? டிக்கெட் எவ்வளவு? எதுவும் வாங்காம சும்மா பார்த்துட்டு வெளியே வந்தா தப்பா நினைப்பாங்களா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். டிக்கெட் கிடையாது. டிக்கெட் மியூசியத்துக்குத்தான். கேலரி என்பது ஒரு கடை. நகைக்கடைக்குள் நுழைய யாராவது டிக்கெட் கேட்பாங்களா? அதே மாதிரிதான். நான் ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஜெர்சி சிட்டியில் இருக்கேன். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது பாத் ரயிலைப் பிடிச்சு அக்கரைக்குப் போய் நாலைந்து கேலரி பார்ப்பது பல வருஷப் பழக்கம். இதுவரைக்கும் ஒரு போட்டோகூட வாங்கினதில்லை. யாரும் முகம் சுளித்ததும் இல்லை.

ஆனா இந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. எனக்கு அதுதான் ரொம்ப நாளா உறுத்திட்டிருந்தது. மன்ஹாட்டன் நடுவில், உலகத்திலேயே வாடகை அதிகமான தெருக்களில் ஒன்றில், ஒரு பெரிய அறை. வெள்ளைச் சுவர். சுவரில் இருபது போட்டோ. அறைக்குள் என்னையும் சேர்த்து மூணு பேர். மூணு பேரும் வாங்கப் போறதில்லை. அப்போ இந்தச் சுவருக்கு வாடகை யார் கொடுக்கறாங்க? இன்றைக்கு என்பது இருக்கட்டும், போட்டோவுக்கு விலையே இல்லாத காலத்தில் யார் கொடுத்தாங்க? இன்றைக்கு அந்தக் கதை.

சுவர் என்பது சின்ன விஷயம் இல்லைங்க. நம்ம வீடுகளில் கூடத்துச் சுவரில் யாருடைய படம் மாட்டுவோம்? தாத்தா, பாட்டி, காந்தி, சாமி. பொட்டு வைத்து, மாலை போட்டு. சுவரில் ஏறுவதற்கு ஒரு தகுதி வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் அடிக்க வருவாங்க! நியூயார்க்கில் நடந்ததும் அதே கேள்வியைச் சுற்றித்தான். தெருவில் போகிற யாரோ ஒரு மனுஷனின் போட்டோ, எந்தச் செய்தியும் சொல்லாத ஒரு போட்டோ, ஓவியம் மாதிரி தனியாகச் சுவரில் தொங்கலாமா? தொங்கலாம் என்று ஊர் ஒத்துக்கொள்ள ஏறத்தாழ எழுபது வருஷம் ஆனது.

முதல் ஆள் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ். 1864இல் ஹோபோகனில் பிறந்தவர். எங்க ஊருக்குப் பக்கத்து ஊர். அப்பா கம்பளி வியாபாரத்தில் சம்பாதித்து ஓய்வெடுத்தவர், பிள்ளையை பெர்லினுக்குப் படிக்க அனுப்பினார். எஞ்சினியரிங் படிக்கப் போன பிள்ளை கேமராவைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். (இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு இல்லையா?) 1902இல் ஃபோட்டோ செசெஷன் என்று ஒரு குழு, 1903இல் கேமரா வொர்க் என்ற பத்திரிகை. 1905 நவம்பரில், ஃபிஃப்த் அவென்யூ 291ஆம் எண் கட்டடத்தின் மேல் மாடியில் மூன்று சின்ன அறைகளில் ஒரு கேலரி. அந்த அறைகளைக் காட்டிக்கொடுத்தது நண்பர் எட்வர்ட் ஸ்டைக்கன். அவரும் போட்டோகிராபர், ஓவியரும்கூட. அறைகளில் பெரியதே 17க்கு 15 அடிதான். நம்ம ஊர் ஃபிளாட் ஹால் அளவு.

அந்தக் காலத்துப் போட்டோக் கண்காட்சி எப்படி இருக்கும் என்றால், தரையிலிருந்து கூரை வரைக்கும் படத்தோடு படம் ஒட்டி, ஒரு அங்குலம் சுவர் தெரியாமல் அடுக்கியிருப்பாங்க. ஸ்டைக்கன் அதை மாற்றினார். மங்கலான நிறத்தில் சாக்குத்துணி ஒட்டிய சுவர், நடுவில் ஒரு பித்தளைப் பாத்திரம், படங்கள் கண் மட்டத்தில் ஒரே வரிசையில், நடுவில் தாராளமாக இடம் விட்டு. இன்றைக்கு எந்த கேலரிக்குப் போனாலும் படங்களை இப்படித்தானே மாட்டியிருக்காங்க, அந்தப் பழக்கத்துக்கு இங்கே ஒரு பெரிய பங்கு உண்டு.

சரி, வாடகை? 1908இல் கட்டடக்காரர் வாடகையை ஏத்திட்டார், அதோடு நாலு வருஷக் குத்தகைக்குக் கையெழுத்தும் கேட்டார். ஸ்டீக்லிட்ஸ் காலி பண்ண வேண்டியதாயிற்று. பால் ஹாவிலண்ட் என்ற பணக்கார நண்பர் ஒருவர் அதே மாடியில் எதிர் அறைக்குக் குத்தகை எழுதிக்கொடுத்தார். சரியாகப் பார்த்தால் அது அடுத்த கட்டடம், 293ஆம் எண். ஆனாலும் 291 என்ற பேரை விடலை. ஸ்டீக்லிட்ஸுக்குக் குடும்பப் பணம் இருந்தது. மனைவி எம்மெலைன் பீர் ஆலைக்காரர் வீட்டுப் பெண். அந்தச் சொத்தும் இல்லாமல் அவரால் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் ஸ்டீக்லிட்ஸ் பேருக்கு நூறு பக்கம் இருக்கும், எம்மெலைனுக்கு நாலு வரி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

291இல் ஏறுவதற்கு ஒரு குட்டி லிஃப்ட் இருந்தது. அதை இயக்கியவர் ஹாட்ஜ் கிர்னன், கரீபியனில் மான்ட்செராட் தீவிலிருந்து வந்தவர். மேலே என்னவெல்லாம் நடக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர். 291 என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டு ஸ்டீக்லிட்ஸ் கேமரா வொர்க்கில் ஒரு சிறப்பிதழ் போட்டபோது, ஓவியர்கள், விமர்சகர்கள் நடுவில் கிர்னனும் எழுதினார். 1917இல் ஸ்டீக்லிட்ஸ் அவரைப் படம் பிடித்தார், நல்ல படம். பிறகு கிர்னன் ஹார்லெமில் சொந்தமாகப் பத்திரிகையே நடத்தினார். கேலரிக்குப் போனால் லிஃப்டில் வணக்கம் சொல்ல மறக்காதீங்க என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. இப்ப லிஃப்டில் ஆள் இல்லை, பட்டன்தான்.

இப்ப ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கதைக்குள்ள வர்றார். லூயிஸ் ஹைன். எத்திகல் கல்ச்சர் ஸ்கூல் என்ற பள்ளியில் ஆசிரியர். எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்குகிற ஏழை மக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் வேலை செய்த குழந்தைகளை எடுத்தாரே, அந்த ஹைன்தான். அவர் 1907 வாக்கில் தன்னுடைய கேமரா வகுப்புப் பையன்களை 291க்குக் கூட்டிப் போனார். அதில் ஒரு பையன் பால் ஸ்ட்ராண்ட், வயசு 17 இருக்கும். அந்த ஒரு மத்தியானம் பையனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1916இல் ஸ்ட்ராண்டின் படங்கள் அதே 291 சுவரில் தொங்கின. 1917இல் வந்த கேமரா வொர்க்கின் கடைசி இதழ் முழுக்க அவருடையது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பார்வையில்லாத பெண்மணியின் முகம் அதில் இருக்கு, நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

கூட்டிப்போன வாத்தியாருக்கு? ஹைனுக்கு 291இல் கண்காட்சி நடக்கவில்லை. அவர் எடுத்தது ஆவணம், அங்கே வேண்டியிருந்தது கலை. 1939இல் பெரனிஸ் ஆபட், எலிசபெத் மெக்காஸ்லண்ட் என்ற இரண்டு பெண்கள் முயற்சி எடுத்து ரிவர்சைட் மியூசியத்தில் அவருக்கு ஒரு கண்காட்சி நடத்தினாங்க. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கடன் கட்ட முடியாமல் வீடு கைவிட்டுப் போனது, 1940இல் வறுமையில் இறந்தார். அவருடைய நெகட்டிவ்களும் பிரிண்ட்களும் நவீனக் கலை மியூசியத்துக்கு, அதான் மோமாவுக்கு, கொடுக்க முன்வந்தபோது அவங்க எடுத்துக்கலை. ரோசெஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ்தான் கடைசியில் வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ஹைன் பிரிண்ட் ஒன்று ஏலத்துக்கு வந்தால் கை தூக்க ஆள் வரிசையில் நிற்கிறாங்க.

291, 1917இல் மூடியது. பத்திரிகைக்குக் கடைசியில் நாற்பது சந்தாதாரர்கூட இல்லை. ஸ்டீக்லிட்ஸ் பிறகு இன்னும் இரண்டு கேலரி நடத்தினார். கடைசியானது ஆன் அமெரிக்கன் பிளேஸ், மேடிசன் அவென்யூ 509, 1929 முதல் 1946இல் அவர் சாகும் வரைக்கும். ஆனா இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1933. அவர் வருஷக்கணக்காக விலை கொடுத்து வாங்கிச் சேர்த்திருந்த மற்றவர்களின் போட்டோக்கள், 400க்கும் மேல், ஒரு கிட்டங்கியில் கிடந்தன. கிட்டங்கி வாடகை கட்டி மாளவில்லை. மெட்ரோபாலிடன் மியூசியத்திடம் வந்து எடுத்துட்டுப் போங்க என்றார். எடுத்துட்டுப் போனாங்க. இன்றைக்கு மெட் மியூசியத்தின் போட்டோத் துறைக்கே அது ஒரு அஸ்திவாரம். அந்தக் குவியலில் ஸ்டைக்கன் எடுத்த குளக்கரை நிலா வெளிச்சப் படம் ஒன்று இருந்தது, 1904இல் எடுத்தது. அதே படத்தின் இன்னொரு பிரதி பிறகு வேறு ஒரு சேகரிப்போடு மெட்டுக்கு வந்து சேர, இரண்டு எதற்கு என்று 2006இல் ஒன்றை விற்றாங்க. 29 லட்சம் டாலர். வாடகைக்குப் பயந்து விட்டுக்கொடுத்த சரக்கில் இருந்த அதே படம்!

நடுவில் ஜூலியன் லெவி என்று ஒரு இளைஞர். 1931 நவம்பரில் மேடிசன் அவென்யூ 602இல் கேலரி திறந்தார், அம்மா வழியில் வந்த பணம். போட்டோவுக்காகவே திறந்தது. விற்கவில்லை. பொருளாதார மந்தக் காலம் வேற. சில மாசத்திலேயே சர்ரியலிஸ்ட் ஓவியங்கள் பக்கம் போய்விட்டார். அதில் டாலி கிடாலி என்று பேர் வாங்கினார், போட்டோ ஓரத்துக்குப் போனது.

இதே நேரத்தில் மோமா 1940இல் போட்டோவுக்கென்று ஒரு துறையே ஆரம்பித்தது. 1947 முதல் அதற்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம ஸ்டைக்கன்தான். 1955இல் அவர் நடத்திய மனிதக் குடும்பம் கண்காட்சி, 68 நாடுகளிலிருந்து 503 போட்டோ, 273 பேர் எடுத்தது, உலகம் முழுக்கச் சுற்றியது. கூட்டம் அலைமோதியது. ஆனா அது மியூசியம். அங்கே படங்களைப் பெரிய பெரிய பலகைகளாகத் தன் கதைக்கு ஏற்றபடி ஸ்டைக்கன் அடுக்கினார். எடுத்தவருக்குத் தன் படம் எந்த அளவில், எதன் பக்கத்தில் வரும் என்பதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. விற்பனையும் இல்லை. ஊரே வந்து பார்க்குது, எடுத்தவன் பாக்கெட்டில் காசு இல்லை.

எடுத்தவங்களே கூடி நடத்திய இடம் ஒன்று இருந்தது. ஃபோட்டோ லீக், 1936இல் தொடங்கியது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வகுப்பு, டார்க்ரூம், சுவரில் கண்காட்சி. ஹைனை மதித்துத் தூக்கிப்பிடித்ததும் இவங்கதான். 1947 டிசம்பரில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் வெளியிட்ட தேசவிரோத அமைப்புகள் பட்டியலில் அவங்க பேர் வந்தது. உறுப்பினர்கள் பயந்து விலக, 1951இல் இழுத்து மூடியாகிவிட்டது. வாடகை பாக்கியால் மூடின கேலரி நிறைய உண்டு, இது அரசாங்கம் மூட வைத்த இடம்.

இப்ப எனக்குப் பிடிச்ச ஆள். ஹெலன் ஜீ. ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் ரயிலில் போனால் கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் செவன்த் அவென்யூ சவுத், 91ஆம் எண். 1954 மே மாசம் அங்கே லைம்லைட் என்று ஒரு காபிக் கடை திறந்தார். முன்னால் மேஜை நாற்காலி, காபி, சாப்பாடு. பின்னால் போட்டோ கேலரி. ஜீ தனியாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்த தாய். கணவர் யுன் ஜீ சீனாவிலிருந்து வந்த ஓவியர், மனநோயால் பாதிக்கப்பட்டவர், பிரிந்துவிட்டாங்க. ஜீயின் தொழில் பத்திரிகைகளுக்கு வருகிற கலர் ஃபிலிமில் ரீடச்சிங் பண்ணுவது. நுணுக்கமான வேலை, நல்ல சம்பளம். நகரத்தில் போட்டோவுக்கென்று ஒரு கேலரிகூட இல்லை என்று அவருக்குத் தெரியும். போட்டோ விற்று வாடகை கொடுக்க முடியாது என்பதும் தெரியும். அவர் போட்ட கணக்கு, காபி வாடகை கொடுக்கட்டும்.

இதில் எவ்வளவு புத்தி இருக்கு பாருங்க. ஸ்டீக்லிட்ஸுக்குப் பின்னால் மாமனார் வீட்டு பீர், ஜீக்குப் பின்னால் தானே போட்டு விற்ற காபி. கிட்டத்தட்ட மாசத்துக்கு ஒரு கண்காட்சி. எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம், மைனர் வைட் எல்லாரும் அந்தச் சுவரில் தொங்கியிருக்காங்க. காபி குடிக்க வந்தவன் தலையைத் திருப்பினால் வெஸ்டன். ஒரு பிரிண்டுக்கு 25 டாலர் கொடுக்கவே ஆள் யோசித்த காலம் அது. 1961 ஜனவரியில் கடையை விற்றார். ஏழு வருஷம் சமையல்கட்டு, சர்வர்கள், போலீஸ், வீட்டுக்காரர் எல்லாரோடும் மல்லுக்கட்டிக் களைத்துப்போயிருந்தார். பிறகு அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார், 1997இல் வந்தது. ஹோட்டல் நடத்துகிறவங்க படித்தால் அழுவாங்க, போட்டோகிராபர்கள் படித்தால் சிரிப்பாங்க.

லைம்லைட் ஓஹோவென்று நடந்துகொண்டிருந்த அதே 1955இல், மன்ஹாட்டனில் இன்னொரு இடத்தில் ராய் டிகராவா தன் வீட்டுக் கதவைத் திறந்தார். ஹார்லெமில் 1919இல் பிறந்த கறுப்பர். 1952இல் கூகன்ஹைம் நிதிநல்கை பெற்ற முதல் கறுப்பினப் போட்டோகிராபர். குடியிருந்த அபார்ட்மெண்டிலேயே ஒரு பகுதியை ஒழித்து, வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, எ ஃபோட்டோகிராபர்ஸ் கேலரி என்று பேர் வைத்தார். ஹாரி கலஹன், பெரனிஸ் ஆபட் மாதிரி பெரிய ஆட்களின் படங்கள் ஒரு வீட்டுக் கூடத்தில். டிகராவா பகலில் விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தவர், கேலரி மாலையிலும் விடுமுறை நாளிலும். இரண்டு வருஷம் தாங்கியது. 1957இல் மூடினார்.

இங்கே வாடகைக் கணக்கு வேற மாதிரி. கேலரிக்குத் தனி வாடகை கொடுக்க வழியில்லாதவன் தன் வீட்டு வாடகையையே கொடுக்கிறான். அவர் நினைத்தது ஒன்றுதான், போட்டோ எடுத்தவன் தேர்ந்தெடுத்த பிரிண்ட், அவன் நினைத்த அளவில், அவன் மரியாதைக்குத் தக்க சுவரில் தொங்கணும். டிகராவாவின் பிரிண்ட்களைப் பார்த்தவங்களுக்கு இது ஏன் முக்கியம் என்று புரியும். அவ்வளவு இருட்டு. கருப்புக்குள் கருப்பு, அதற்குள் இன்னொரு சாம்பல். நம்ம போன் திரையில் அது வெறும் இருட்டாகத் தெரியும். நேரில் நின்றால் ஒரு நிமிஷம் கழித்து அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு முகம் மெதுவாக மேலே வரும். நான் கேலரிக்கு நேரில் போகச் சொல்லி இவ்வளவு பேசுவதே இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

1969 ஜனவரியில் மெட் மியூசியம் ஹார்லெம் ஆன் மை மைண்ட் என்று ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. ஹார்லெமைப் பற்றி. சுவர் முழுக்க ராட்சச அளவில் போட்டோ, சத்தம், பாட்டு. ஆனா ஒரு கறுப்பின ஓவியர் இல்லை, ஒரு சிற்பி இல்லை. ஹார்லெம் மக்களைப் படமாகக் காட்டுவாங்களாம், ஹார்லெம் கலைஞர்களை உள்ளே விட மாட்டாங்களாம். கலைஞர்கள் மியூசியப் படிக்கட்டில் மறியல் செய்தாங்க. டிகராவா தன் படங்களைக் கொடுக்க மறுத்து, மறியலில் நின்றார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதை அந்த மறுப்பால் இன்னும் ஒரு படி கூடியது. வீட்டைத் திறந்து அடுத்தவர் படத்தை மாட்டியவர், ஊரிலேயே பெரிய சுவர் தன் வாசலுக்கு வந்தபோது வேண்டாம் என்றார்.

அந்தக் கண்காட்சியால் ஒருத்தருக்குப் பேர் கிடைத்தது. ஜேம்ஸ் வான் டெர் ஸீ. ஹார்லெமில் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஸ்டூடியோ நடத்தியவர். கல்யாணம், சாவு, சங்கக் கூட்டம், புதுக் கோட்டு, எல்லாம் அவர் கேமரா முன்னால்தான். போன எபிசோடில் பேசினோமே, நம்ம ஊர் ஸ்டூடியோக்காரர், அச்சு அசலா அதே ஆள். 82 வயதில் திடீரென்று உலகம் அவரைக் கண்டுபிடித்தது. அதே 1969இல் அவரை வீட்டிலிருந்து காலி பண்ணி வெளியேற்றினாங்க. படம் மெட் மியூசியச் சுவரில், எடுத்தவர் தெருவில். ஹைனுக்கு 1940இல் நடந்தது கிட்டத்தட்ட அப்படியே இன்னொரு தடவை.

இதே வருஷம்தான் காற்று மாற ஆரம்பித்தது. 1969இல் லீ விட்கின் என்ற இளைஞர் கிழக்கு 60ஆம் தெருவில் ஒரு வீட்டில் போட்டோ கேலரி திறந்தார். சில மாசம் ஓடும் என்று ஊர் நினைத்தது, முப்பது வருஷம் ஓடியது. 1971இல் டென்னிசன் ஷாட் என்ற வக்கீல் மேடிசன் அவென்யூ 1018இல் லைட் கேலரி தொடங்கினார். உயிரோடு இருக்கிற போட்டோகிராபர்களை மட்டும், ஓவியர்களை நடத்துகிற மாதிரி ஒப்பந்தம் போட்டு நடத்தினார். அங்கேயும் முதலில் வாடகை கொடுத்தது வக்கீல் வருமானம்தான்.

பிறகு என்ன மாறிச்சு? போட்டோ மாறலை, எண்ணிக்கை மாறியது. ஒரு நெகட்டிவ் இருந்தால் ஆயிரம் பிரிண்ட் போடலாம். எத்தனை வேணும்னாலும் போடலாம் என்கிற பொருளை யார் அதிக விலைக்கு வாங்குவாங்க? இதுதான் ஸ்டீக்லிட்ஸ் காலத்திலிருந்து இருந்த முடிச்சு. ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் ஹெர்னாண்டெஸ் என்ற ஊரில் நிலா உதிப்பதை எடுத்தார், உலகத்துக்கே தெரிந்த படம். அதற்கு 900 பிரிண்டுக்கும் மேல் போட்டிருக்கார். 1975 முடிவோடு இனி ஆர்டர் எடுப்பதில்லை என்று அறிவித்தார். கேலரிக்காரங்க முட்டி மோதி ஆர்டர் கொடுத்தாங்க, ஆயிரக்கணக்கில் பிரிண்ட் போட வேண்டியதாகி, முடிக்க வருஷக்கணக்கானது. 1981இல் அந்த நிலாவின் பெரிய அளவுப் பிரிண்ட் ஒன்று 71,500 டாலருக்குப் போனது. கதவைச் சாத்தறேன்னு சொன்னதும் சரக்குக்கு விலை வந்துவிட்டது.

அதிலிருந்து எல்லாரும் எண்ணிக்கையைக் கட்டிப்போட்டாங்க. இந்தப் படம் மொத்தம் பத்துப் பிரிண்ட், இது மூணாவது, என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. பழைய படம் என்றால், எடுத்த காலத்திலேயே எடுத்தவர் போட்ட பிரிண்டா, பின்னால் போட்டதா என்று பார்ப்பது. ஒரே நெகட்டிவ்தான். ஆனா முதலாவதுக்கு இரண்டாவதைப் போல் பல மடங்கு விலை. 2022இல் மான் ரேயின் ஒரு படம் 1.24 கோடி டாலர். அதே வருஷம் நவம்பரில் ஸ்டைக்கன் 1904இல் எடுத்த ஃபிளாட்அயர்ன் கட்டடம் 1.18 கோடி டாலர். 291 இருந்த இடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குப் பத்து நிமிஷ நடை.

ஆகவே, மெயில் போட்ட நண்பர்களே, இப்ப அந்த வெள்ளை அறைக்கு வாடகை கொடுப்பது சுவரில் தொங்குகிற படம் மட்டும் இல்லை. உள்ளே இழுப்பறைகளில் இருக்கிற படங்கள்தான் பெரும்பாலும். நீங்க பார்ப்பது கண்காட்சி, வியாபாரம் பின் அறையில். சுவரில் புதுசா ஒரு பையனின் படத்தை மாட்டி ஒன்றும் விற்காவிட்டாலும், பின்னால் ஒரு பழைய பிரிண்ட் கைமாறினால் அந்த மாசம் ஓடிடும். காபிக்குப் பதில் இழுப்பறை, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் நீங்க வாங்காம வந்தா அவங்களுக்கு நஷ்டம் இல்லை. நாலு பேர் நின்று பார்க்கிற இடம் என்ற பேர்தான் அவங்களுக்கு முக்கியம்.

போறதுன்னா சனிக்கிழமை போங்க. பெரும்பாலான கேலரி செவ்வாயிலிருந்து சனி வரைக்கும்தான், ஆகஸ்டில் பலதும் பூட்டியிருக்கும். நான் போகிற வழியைச் சொல்றேன். பாத் ரயிலில் 33ஆம் தெரு ஸ்டேஷன். அங்கிருந்து ஃபிஃப்த் அவென்யூவுக்கு நடந்து 30க்கும் 31க்கும் நடுவில் ஒரு நிமிஷம் நில்லுங்க. 291 கட்டடம் இப்ப இல்லை, இடித்தாச்சு. நின்று பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் நில்லுங்க. பிறகு மேலே 57ஆம் தெரு, மேடிசன் முனையில் ஃபுல்லர் பில்டிங். 1929இல் கட்டினது, உள்ளே பல கேலரிகளைப் பார்த்த கட்டடம். லிஃப்டில் மாடி மாடியாகப் போய்ப் பார்க்கிற பழக்கம் அங்கே உண்டு. லெவியின் கேலரி அதை ஒட்டி இருந்தது. நாலு தெரு கீழே வந்தால் ஸ்டீக்லிட்ஸின் கடைசி இடம், மேற்கே திரும்பினால் மோமா. மத்தியானத்துக்கு மேல் செல்சி பக்கம் போனால் ஒரே தெருவில் பத்துக் கதவு.

உள்ளே போனால் மேஜையில் இருப்பவரிடம் விலைப் பட்டியல் கேளுங்க, கூச்சமே வேண்டாம். விற்கிற பொருளுக்கு விலை தெரியும்படி வைக்கணும் என்பது நகரச் சட்டம், 1980களின் கடைசியில் அதைக் கேலரிகளுக்கும் நினைவுபடுத்தினாங்க. அதில் வருஷம் இரண்டு தடவை இருக்கலாம், எடுத்த வருஷம் ஒன்று, பிரிண்ட் போட்ட வருஷம் ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு, விலை எவ்வளவு என்று பாருங்க, இத்தனை நேரம் நான் சொன்னது அந்த ஒரு தாளில் இருக்கும். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், இவருடைய வேற படம் இருக்கா என்று கேட்கலாம். ஒரு தடவை நான் அப்படிக் கேட்டதும் அங்கிருந்த பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக அரை மணி நேரம் காட்டினாங்க. நான் வாங்குகிற ஆள் இல்லை என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிட்டேன். பரவாயில்லை, இன்றைக்கு மழை, யாரும் வர மாட்டாங்க என்றாங்க.

இன்னொன்று. எல்லாரும் 57ஆம் தெருவோடும் செல்சியோடும் நிறுத்திடறாங்க. 125ஆம் தெருவுக்கும் போங்க. ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியம் அங்கேதான் இருக்கு, 2025 நவம்பரில் புதுக் கட்டடத்தில் திறந்திருக்காங்க. வான் டெர் ஸீயின் மொத்தச் சேகரிப்பையும் 2021இல் மெட் மியூசியமும் இவங்களும் சேர்ந்து எடுத்துக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான பிரிண்ட், நெகட்டிவ். கல்யாணப் பொண்ணுங்க, புதுக் கோட்டுக்காரங்க எல்லாரும் அதில் இருக்காங்க.

பாரிஸில் பழைய தெருக்களை எடுத்த அட்ஜேயின் கண்ணாடித் தட்டுகள் எப்படி அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் வந்தன என்று இன்றைக்குச் சொல்ல நேரமில்லை. அதில் பெரனிஸ் ஆபட், லெவி இரண்டு பேருமே வர்றாங்க. அது அடுத்த எபிசோடு. கேள்விகளை வழக்கம்போல மெயிலில் அனுப்புங்க.